மூன்று பொன் இலைகளைக் கேடயத்திலிருந்து வெளியே விடுங்கள்

ஒன்ராறியோ மாகாணக் கொடி குறித்துச் சட்டமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஒன்ராறியோ சட்டமன்ற உறுப்பினர்களே, குறிப்பாக அந்த அவையில் தமிழ் பேசும் உறுப்பினர்களே,

வணக்கம்.

நம் மாகாணத்துக்குப் புதிய கொடி ஒன்றைத் தேடும் பணியைச் சட்டமன்றம் தொடங்க வேண்டும் என்று கேட்டு இதை எழுதுகிறேன். இப்போதிருக்கும் கொடியை நாளைக்கே இறக்குமாறு கேட்கவில்லை. 1965-ஆம் ஆண்டில் ஒரு கொந்தளிப்பின் நடுவே அவசரமாக எடுக்கப்பட்ட முடிவை, அமைதியான காலத்தில் மக்களையும் சேர்த்துக்கொண்டு மறுபடி எடுத்துப் பாருங்கள் என்று கேட்கிறேன்.

தமிழில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. இந்தக் கொடி பற்றி ஆங்கிலத்தில் அவ்வப்போது பேச்சு எழும், அடங்கும். தமிழர் நடுவே அந்தப் பேச்சு எழுவதே இல்லை. "அது வெள்ளைக்காரர் பாடு, நமக்கேன் வம்பு" என்று விட்டுவிடுகிறோம். இந்த மாகாணத்தில் வரி கட்டுகிறோம், வாக்களிக்கிறோம், நம் பெற்றோரை இந்த மண்ணில்தான் தகனம் செய்கிறோம். ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக அறிவித்து 2014-இல் சட்டம் இயற்றியது இதே அவைதான். இவ்வளவுக்குப் பிறகும் மாகாணத்தின் கொடி நம் விஷயம் இல்லை என்றால் வேறு எதுதான் நம் விஷயம்? எனவே இந்த மடல் உங்களுக்கும், உங்களைத் தேர்ந்தெடுத்த என் மக்களுக்கும் சேர்த்துத்தான்.

முதலில் கொடியை நிதானமாகப் பார்ப்போம். சிவப்புத் துணி, அகலத்தைப் போல் இரு மடங்கு நீளம். கம்பத்தை ஒட்டிய மேல் மூலையில் பிரித்தானியாவின் யூனியன் ஜாக். மறு பாதியில் மாகாணத்தின் கேடயம். கேடயத்தின் மேற்பகுதி வெள்ளை. அதன்மேல் இங்கிலாந்தின் காவல் புனிதரான ஜோர்ஜின் செஞ்சிலுவை. கீழ்ப்பகுதி பச்சை, அதில் ஒரே காம்பில் கிளைத்த மூன்று பொன்னிற மேப்பிள் இலைகள். யூனியன் ஜாக் என்பதே இங்கிலாந்து, ஸ்கொட்லாந்து, அயர்லாந்து ஆகிய மூன்றின் சிலுவைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துச் செய்தது. அதில் ஏற்கெனவே இருக்கும் ஜோர்ஜின் சிலுவை, கேடயத்தில் இன்னொரு முறை வருகிறது. ஆக, ஒரே கொடியில் இங்கிலாந்து இரண்டு தடவை சொல்லப்பட்டுவிட்டது. ஒன்ராறியோ மண்ணைச் சொல்வதற்கு மிஞ்சியது கேடயத்தின் அடிப்பகுதி மட்டும்.

காற்றில்லாத நாளில் அந்த அடிப்பகுதியும் மடிப்புக்குள் போய்விடும். கம்பத்தோடு ஒட்டித் தொங்கும் துணியில் சிவப்பும், மூலையில் கொஞ்சம் நீலமும்தான் தெரியும். பக்கத்துக் கம்பத்தில் மனிற்றோபாவின் கொடி தொங்கினால் எது எது என்று சொல்வது கடினம். அதுவும் சிவப்புத் துணிதான். அதற்கும் மூலையில் யூனியன் ஜாக். அதன் கேடயத்திலும் மேலே ஜோர்ஜின் சிலுவை, கீழே பச்சை. இலைகள் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு காட்டெருமை நிற்கிறது, அவ்வளவே வேறுபாடு. கொடி எதற்கு? தூரத்திலிருந்து பார்த்தே "இன்னார்" என்று அறிவதற்கு. மூவேந்தர் கொடிகளை நினைத்துப் பாருங்கள். வில், புலி, மீன். மூன்று சொல்லில் மூன்று நாடுகள். போர்க்களத்துப் புழுதிக்குள்ளும் துறைமுகத்துக் கூட்டத்துக்குள்ளும் குழப்பத்துக்கு இடமே இல்லை.

சனிக்கிழமைகளில் தமிழ் வகுப்பு எடுப்பவன் நான். ஒரு தைப்பொங்கல் விழாவுக்காகச் சுவரில் ஒட்டப் பிள்ளைகளிடம் கொடிகள் வரையச் சொன்னோம். கனடாவின் கொடியை எவரும் எதையும் பார்க்காமல் வரைந்தார்கள். இலையின் முனைகள் கூடக் குறைய இருந்தன, ஆனால் கனடா என்று குருடனும் சொல்லிவிடுவான். மாகாணக் கொடி என்றதும் வகுப்பு நின்றுவிட்டது. சிலர் தொலைபேசியில் தேடினார்கள். தேடி எடுத்தவர்களும் யூனியன் ஜாக்கின் சாய்ந்த கோடுகளில் அகப்பட்டுக்கொண்டு கேடயத்துக்கு வரவே இல்லை. ஒரு சிறுமி மட்டும் யாரையும் கேட்காமல் பச்சை நிறம் தீட்டி, நடுவில் மூன்று இதழ் கொண்ட வெள்ளை ட்ரில்லியம் பூவை வரைந்து, கீழே "ஒன்ராறியோ" என்று தமிழில் எழுதி வைத்திருந்தாள். அது மாகாணக் கொடி இல்லை என்று திருத்த எனக்கு மனம் வரவில்லை. வைகாசியில் மேப்பிள் காடுகளின் அடியில் வெள்ளை வெளேரென்று விரியும் அந்தப் பூ 1937 முதல் மாகாணத்தின் மலர். அரசுக் கடிதங்களின் தலைப்பில் அவள் பார்த்துப் பழகியது அதைத்தான்.

இந்தக் கொடி எப்படி வந்தது என்பதைத் தெரிந்துகொண்டால் அதன் குறை எங்கிருந்து வந்தது என்பதும் விளங்கும்.

1965 வரை கனடா பறக்கவிட்டது ரெட் என்சைன் எனப்படும் சிவப்புக் கொடியை. அடிப்படையில் அது பிரித்தானிய வாணிபக் கப்பல்களின் கொடி. கனடியக் கப்பல்கள் தம் சின்னத்தைச் சேர்த்து அதைப் பறக்கவிடலாம் என்று 1892-இல் பிரித்தானியக் கடற்படைத் தலைமை அனுமதித்தது. கடலில் தொடங்கியது மெல்லத் தரைக்கு வந்து, 1945-இல் அரசுக் கட்டடங்களிலும் ஏறியது. 1964-இல் பிரதமர் லெஸ்டர் பியர்சன் நாட்டுக்கெனத் தனிக்கொடி வேண்டும் என்றார். வினிபெக்கில் முன்னாள் படைவீரர் மாநாட்டில் எழுந்து நின்று அதைச் சொன்னபோது சபையிலிருந்து கூச்சல் எழுந்தது. எதிர்க்கட்சித் தலைவர் ஜோன் டீபன்பேக்கர் கடைசிவரை எதிர்த்தார். மாதக்கணக்கில் நாடாளுமன்றம் கொதித்தது. விவாதத்தை முடித்துவைக்கும் தீர்மானம் கொண்டுவந்த பிறகுதான், 1964 டிசம்பர் 15 அன்று 163-க்கு 78 என்ற கணக்கில் மேப்பிள் இலைக் கொடி நிறைவேறியது. 1965 பெப்ரவரி 15 அன்று அது ஏறியது. ரெட் என்சைன் இறங்கியது.

இறங்கிய கொடிக்காக ஒன்ராறியோவில் பலர் உண்மையாகவே துக்கப்பட்டார்கள். அந்தத் துக்கத்துக்கு விடையாகத்தான் அன்றைய முதல்வர் ஜோன் ரொபார்ட்ஸின் அரசு மாகாணக் கொடியைக் கொண்டுவந்தது. கனடா கழற்றி வைத்த அதே ரெட் என்சைனை எடுத்து, கனடாவின் கேடயம் இருந்த இடத்தில் ஒன்ராறியோவின் கேடயத்தை வைத்தார்கள். 1965 மே 21 அன்று அது மாகாணக் கொடியானது. தேசியக் கொடி மாறி மூன்று மாதம் ஆறு நாளில். அடுத்த ஆண்டு மனிற்றோபாவும் அதே வழியில் போனது.

இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. ரொபார்ட்ஸ் காலத்து மக்களுக்கு அது ஆறுதலாக இருந்தது. இரண்டாம் உலகப் போரில் 45,000-க்கும் மேற்பட்ட கனடியர்கள் உயிர் கொடுத்தார்கள். பறிகொடுத்த வீடுகளில் அந்தச் சிவப்புக் கொடிக்கு இருந்த இடம் பெரிது. ஆனால் ஆறுதலுக்காக எடுத்த முடிவு அறுபது ஆண்டுகளைத் தாண்டி நிற்கிறது. இது ஒன்ராறியோ எது என்று யோசித்துத் தீட்டிய கொடி இல்லை. ஒட்டாவாவில் தோற்ற ஒரு வாதத்துக்கு, மாகாணச் சட்டமன்றம் இருக்கும் குயின்ஸ் பார்க்கில் கொடுத்த புகலிடம். கப்பற்கொடி ஒன்று, இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட நன்னீர் ஏரிகள் உள்ள மாகாணத்தின் மேல் பறக்கிறது. அந்த ஏரிகளைப் பற்றி அதில் ஒரு துளி நீலமும் இல்லை. இருக்கும் நீலம் ஸ்கொட்லாந்தின் சிலுவைக்குப் பின்னால் இருப்பது.

இதற்கு எதிராகச் சொல்லப்படுவது ஒன்றுண்டு: இந்த மாகாணத்தைக் கட்டியவர்கள் பிரித்தானிய முடிக்கு விசுவாசமாக இருந்தவர்கள், அமெரிக்கப் புரட்சியின்போது சொத்தையும் வீட்டையும் விட்டு வடக்கே வந்தவர்கள், அவர்கள் நினைவை அழிக்கலாமா? மாகாணத்தின் இலத்தீன் வாசகமும் அதைத்தான் சொல்கிறது: விசுவாசமாகத் தொடங்கினாள், விசுவாசமாகவே நிற்கிறாள். அகதிகளாக வந்த கூட்டத்தின் நினைவைப் போற்றுவதில் எனக்கு முழு உடன்பாடு. அகதியின் மனம் எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் கதையை முழுதாகச் சொல்ல வேண்டும்.

முடிக்கு விசுவாசமாக நின்று எல்லாவற்றையும் இழந்து வந்தவர்களுள் பூர்வகுடியினரான மோஹாக் மக்களும் இருந்தார்கள். அவர்களோடு ஆறு தேசங்களின் கூட்டமைப்பைச் சேர்ந்த மற்றவர்களும். 1784-இல் ஆளுநர் ஹால்டிமண்ட் பிரகடனம் ஒன்றை வெளியிட்டார். கிராண்ட் ஆற்றின் இரு கரையிலும் ஆறு ஆறு மைல் அகலத்துக்கு, ஆற்றின் தலையிலிருந்து வாய் வரை, அந்த நிலம் அவர்களுக்கும் அவர்கள் சந்ததிக்கும் என்றது பிரகடனம். ஏறத்தாழ ஒன்பதரை லட்சம் ஏக்கர். பிரான்ட்ஃபோர்ட் அருகே இன்று ஆறு தேசங்களின் ஒதுக்கீட்டு நிலமாக எஞ்சியிருப்பது அதில் ஐந்து விழுக்காட்டுக்கும் குறைவு. அந்த நிலம் கைமாறிய கதை இன்றும் வழக்காகவே கிடக்கிறது. விசுவாசத்தின் கொடி என்று இதைச் சொல்லும்போது, ஒரே விசுவாசத்துக்குக் கிடைத்த இரண்டு விதமான கூலியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1965-இல் இந்தக் கொடியை ஏற்றியபோது, சட்டப்படி பூர்வகுடி அந்தஸ்து பெற்றிருந்தவர்கள் ஒன்ராறியோவில் மாகாண வாக்குரிமை பெற்று பதினொரு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அவர்களைக் கலந்து பேசுவது பற்றி அன்று யார் நினைத்தார்கள்?

இத்தனைக்கும் சின்னம் என்பது இந்த மண்ணுக்கு லண்டனிலிருந்து வந்த கலை இல்லை. இந்த மாகாணத்தின் பழைய ஒப்பந்தப் பத்திரங்களைப் பாருங்கள். அனிஷினாபே பூர்வகுடித் தலைவர்கள் தம் பெயருக்குப் பதிலாகத் தம் குலச் சின்னத்தை வரைந்திருப்பார்கள். நாரை, கெளிற்று மீன், கரடி. நான்கைந்து கோடுகளில் ஒரு நாரை நிற்கும். ஒரு குலம் முழுவதும் அதற்குள் இருக்கும். நல்ல கொடிக்கு வேண்டிய இலக்கணம் அத்தனையும் அந்த மைக்கோடுகளில் இருக்கிறது. அவர்களுடைய சின்னங்களை நாம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று இதைச் சொல்லவில்லை. அது அவர்கள் தீர்மானிக்க வேண்டியது. புதிய கொடிக்கான மேசையில் அவர்கள் முதல் நாளிலிருந்தே உட்கார வேண்டும், வடிவம் முடிவான பின் வாழ்த்துரைக்கு அழைக்கப்படக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

இனி என் தமிழ் மக்களுக்கும் உங்களுள் தமிழ் பேசுவோருக்கும் குறிப்பாக ஒன்று.

புதிய கொடி என்ற பேச்சு வந்தால் எங்கிருந்தோ ஒரு யோசனை கட்டாயம் வரும்: வந்தேறிய ஒவ்வொரு சமூகத்துக்கும் ஒரு நிறம், ஒரு கோடு, ஒரு சின்னம். "தமிழருக்கும் ஓர் அடையாளம் வேண்டும்" என்று நம் மேடைகளிலும் யாராவது கேட்பார்கள். தயவுசெய்து அதைக் கேட்காதீர்கள். ஒரு கோடு ஒதுக்கித் தரப்பட்ட மக்கள் நாம். அதன் பொருள் நமக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது.

1948 பெப்ரவரி 4 அன்று இலங்கையில் யூனியன் ஜாக் இறங்கியபோது, கண்டி அரசின் வாளேந்திய சிங்கம் மேலே ஏறியது. தமிழரும் முஸ்லிம்களும் அதில் எங்கே என்ற கேள்வி எழுந்தது. குழு ஒன்று அமைத்தார்கள், எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க அதன் தலைவர். குழு கண்ட விடை, சிங்கக் கொடியை அப்படியே வைத்துக்கொண்டு, கம்பத்தின் பக்கம் பச்சையாக ஒரு கோடு, காவி நிறத்தில் ஒரு கோடு. பச்சை முஸ்லிம்களுக்கு, காவி தமிழருக்கு. மஞ்சள் விளிம்பு கோடுகளை ஒரு பெட்டியிலும் சிங்கத்தை இன்னொரு பெட்டியிலும் அடைத்துப் பிரித்தது. குழுவிலிருந்த செனட்டர் எஸ். நடேசன் அதற்கு உடன்பட மறுத்துத் தன் மாறுபாட்டைப் பதிவு செய்தார். கொடி அந்த வடிவத்திலேயே நிறைவேறியது. சிங்கத்தின் களத்துக்குள் நமக்கு இடமில்லை. களத்துக்கு வெளியே, ஓரத்தில், அளந்து கொடுத்த துண்டு. பிறகு நடந்ததெல்லாம் கொடியால் நடந்தது என்று சொல்ல மாட்டேன். வரப்போவதைக் கொடி முன்கூட்டியே காட்டியது என்று சொல்வேன்.

அதனால்தான் ஒன்ராறியோவின் புதிய கொடியில் தமிழருக்கென்று எதுவும் வேண்டாம் என்கிறேன். பஞ்சாபியருக்கு, சீனருக்கு, இத்தாலியருக்கு, கரீபியருக்கு என்றும் வேண்டாம். இங்கிலாந்துக்கு என்றும் வேண்டாம். இன்ன இனத்தார் இன்ன அளவு என்று பங்கு போட்ட துணியில் எல்லாரும் ஓரத்தில்தான் இருப்பார்கள், பங்கு போட்டவர்களைத் தவிர. தேசியக் கொடி விவாதத்தில் இதை எளிதாகச் சொன்னவர் வரலாற்றாசிரியர் ஜோர்ஜ் ஸ்டான்லி. பிரிவினை உண்டாக்கும் தேசிய, இனச் சின்னங்களைப் புதிய கொடியில் தவிர்க்க வேண்டும் என்று 1964 மார்ச்சிலேயே அவர் எழுதிக் கொடுத்தார். யூனியன் ஜாக்கும் வேண்டாம், பிரெஞ்சு லில்லியும் வேண்டாம். ஒற்றை இலை போதும். அந்த யோசனைக்கு அவருக்குத் தூண்டுதலாக இருந்தது கிங்ஸ்டன் நகரிலுள்ள இராணுவக் கல்லூரியின் கொடி. கிங்ஸ்டன் ஒன்ராறியோவில்தான் இருக்கிறது. அவரோடு நின்று வடிவத்தை நாடாளுமன்றக் குழுவில் கரைசேர்த்த ஜோன் மத்திசனும் ஒன்ராறியோவின் உறுப்பினர். நாடு முழுவதற்கும் இவ்வளவு தெளிவான கொடியைத் தந்த மாகாணம், தனக்கென்று வரும்போது அந்தத் தெளிவைக் கைவிட்டது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது.

மண்ணிலிருந்து சின்னம் எடுத்தவர்கள் சுற்றிலும் இருக்கிறார்கள். சஸ்காச்சுவான் 1969-இல் பொதுப் போட்டியில் வந்த ஆயிரக்கணக்கான வடிவங்களிலிருந்து ஒரு பள்ளி ஆசிரியர் வரைந்ததை ஏற்றது: காட்டின் பச்சை, கோதுமையின் பொன்னிறம், சமவெளியின் செவ்வல்லி. நுனவுட் 1999-இல் பிறந்தபோது இனுயிட் கலைஞர் ஆண்ட்ரூ கப்பிக்கின் கையிலிருந்து கொடி வந்தது. வழிகாட்டும் கற்குவியலும் துருவ விண்மீனும். நியூபவுண்ட்லாந்து 1980 வரை யூனியன் ஜாக்கையே மாகாணக் கொடியாக வைத்திருந்தது. அந்த ஆண்டு கிறிஸ்டபர் பிராட் என்ற ஓவியர் வரைந்த கொடியை ஏற்றது. கியூபெக் இவர்களுக்கெல்லாம் முன்னால், 1948 ஜனவரியிலேயே தனக்கென ஒரு கொடியை ஏற்றது.

ஆனால் என் மனத்துக்கு மிக நெருக்கமான எடுத்துக்காட்டு ஒன்ராறியோவுக்குள்ளேயே இருக்கிறது. பிரெஞ்சு பேசும் ஒன்ராறியர்கள் தமக்கென ஒரு கொடி செய்துகொண்டார்கள். சட்பரியில் வரலாற்றுப் பேராசிரியர் கேத்தான் ஜெர்வேயும் மாணவர் மிஷேல் டுப்யூயியும் சேர்ந்து உருவாக்கியது. 1975 செப்டம்பர் 25 அன்று சட்பரி பல்கலைக்கழகத்தில் முதன்முதலாக ஏறியது. பாதி பச்சை, பாதி வெள்ளை. பச்சை இங்குள்ள கோடை, வெள்ளை இங்குள்ள குளிர்காலம். பச்சையில் வெள்ளை லில்லி, வெள்ளையில் பச்சை ட்ரில்லியம். ஆறு மாதம் பனியும் ஆறு மாதம் பசுமையுமாக நாம் வாழும் வாழ்க்கையை இரண்டே நிறத்தில் சொல்லிவிட்டார்கள். 2001-இல் இந்தச் சட்டமன்றமே அதைச் சட்டம் இயற்றி ஏற்றுக்கொண்டது. ஒரு சிறுபான்மைச் சமூகம் தன் கொடியில் மாகாணத்தின் பூவையும் பருவங்களையும் வைத்திருக்கிறது. மாகாணத்தின் கொடியில் அவை இல்லை.

புதிய கொடி எப்படி இருக்க வேண்டும் என்று தீர்மானிக்க நான் யார்? ஆனால் என் விருப்பத்தைச் சொல்லும் உரிமை எனக்கு உண்டு. புதிதாக எதையும் தேடி ஓட வேண்டியதில்லை என்பது என் எண்ணம். நம் கேடயத்தின் அடிப்பகுதியைப் பாருங்கள். பச்சைப் பரப்பு, ஒரே காம்பில் மூன்று பொன் இலைகள். 1868-இல் விக்டோரியா அரசியின் ஆணைப்படி வந்த சின்னம். தேசியக் கொடியின் சிவப்பு இலைக்கு ஏறத்தாழ நூறு ஆண்டு மூத்தது. இலையுதிர் காலத்தில் அல்கோன்குவின் காட்டுப் பக்கம் போனவர்களுக்கு ஊசியிலை மரங்களின் பச்சைக்கு நடுவே மேப்பிள் பொன்னாக நிற்பது தெரியும். அதைச் சிலுவையின் அடியிலிருந்தும் கேடயத்தின் வரம்பிலிருந்தும் எடுத்து, ஒரு கொடி அளவுக்கு விரித்து வைத்தால் போதும். தூரத்தில் தெரியும். பிள்ளைகள் வரைவார்கள். வேறு எந்த மாகாணத்தோடும் குழம்பாது. பழையதை நேசிப்பவர்களுக்கும் அது பழையதுதான். ட்ரில்லியம் வேண்டும் என்பவர்களோடும், ஏரிகளின் நீலம் வேண்டும் என்பவர்களோடும் வாதாட எனக்கு ஆசை. அப்படி ஒரு வாதம் இந்த மாகாணம் முழுவதும் நடக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை எல்லாவற்றிலும் பெரியது.

செய்யும் முறையில் கவனம் வேண்டும். நியூசிலாந்து தன் கொடியை மாற்றப் பார்த்தபோது பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட வடிவங்கள் வந்தன. இரண்டு வாக்கெடுப்புகள் நடந்தன. 2016 மார்ச்சில் 56 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் பழைய கொடியே இருக்கட்டும் என்றுவிட்டார்கள். பிரதமர் ஜோன் கீ தன் விருப்பத்தை முன்கூட்டியே வெளிப்படையாகச் சொல்லி, அதைத் தன் திட்டமாக ஆக்கியதால் கொடிக்கு விழ வேண்டிய வாக்கு அவருக்கு எதிராக விழுந்தது என்றே நான் நினைக்கிறேன். நம் அண்டை மாநிலமான மினசோட்டா வேறு வழியில் போனது. 2023-இல் ஓர் ஆணையம் அமைத்து, பூர்வகுடியினரின் பிரதிநிதிகளையும் அதில் சேர்த்து, மக்களிடமிருந்து வடிவங்கள் கேட்டு, வந்ததைத் திருத்திச் செப்பனிட்டு, 2024 மே மாதம் புதிய கொடியை ஏற்றிவிட்டது. எதிர்ப்பு அங்கும் இருந்தது, இன்றும் இருக்கிறது. ஆனால் அது ஒரு தலைவரின் கொடி என்று யாரும் சொல்ல முடியவில்லை. எனவே இதை ஆளும் கட்சியின் திட்டமாகவோ எதிர்க்கட்சியின் ஆயுதமாகவோ ஆக்காதீர்கள். எல்லாக் கட்சிகளும் சேர்ந்து ஆணையத்தை அமையுங்கள். அதில் பூர்வகுடித் தேசங்கள் தாமே தேர்ந்தெடுத்து அனுப்பும் பிரதிநிதிகள் இருக்கட்டும். கலைஞர்களும் வரலாறு அறிந்தவர்களும் இருக்கட்டும். வடக்கு ஊர்களான தண்டர் பேயும் சட்பரியும் மூசொனியும் ரொறன்ரோவுக்கு ஈடாக உட்காரட்டும். கடைசி வாக்கெடுப்பில் கட்சிக் கட்டுப்பாடு இல்லாமல் ஒவ்வொருவரும் தம் மனச்சாட்சிப்படி வாக்களியுங்கள்.

மருத்துவமனைகளில் காத்திருப்பு நீள்கிறது, வீட்டு வாடகை எட்டாத உயரத்தில் இருக்கிறது, இப்போது கொடியா என்று கேட்பீர்கள். அந்தக் கவலைகள் என் வீட்டிலும் உள்ளவைதான். ஆனாலும் இந்த அவை 1975-இல் செவ்வந்திக்கல்லை மாகாணக் கனிமமாகவும், 1984-இல் வெள்ளைப் பைன் மரத்தை மாகாண மரமாகவும், 1994-இல் லூன் பறவையை மாகாணப் பறவையாகவும் ஏற்றபோது மருத்துவமனைகள் மூடப்படவில்லை. செலவும் பெரிதாக வேண்டியதில்லை. வெளியில் பறக்கும் கொடி எப்படியும் வெயிலிலும் காற்றிலும் நைந்துபோகும். நைந்தபோது புதியதை மாற்றினால் போதும்.

முடியாட்சியைத் தொடுகிறோம் என்ற அச்சமும் வேண்டாம். நாட்டின் கொடியிலிருந்து யூனியன் ஜாக் போய் ஆறு தசாப்தம் ஆகிறது, முடி இருக்கிறது. யூனியன் ஜாக்கை அரசுக் கட்டடங்களில் குறிப்பிட்ட நாட்களில் பறக்கவிட நாடாளுமன்றம் 1964 டிசம்பரிலேயே தனித் தீர்மானம் போட்டு வைத்திருக்கிறது. பழைய கொடியையும் அப்படியே மதிக்க வேண்டும். போர் நினைவிடங்களிலும் முன்னாள் படைவீரர் மன்றங்களிலும் விரும்பும் வரை அது பறக்கட்டும்; போர் நினைவு நாளான நவம்பர் 11 அன்று குயின்ஸ் பார்க்கிலும் ஏறட்டும். அதைச் சட்டத்திலேயே எழுதிவிடுங்கள். கேடயம் மாகாண முத்திரையில் சிலுவையோடு அப்படியே இருக்கலாம். அதைத் தொட நான் கேட்கவில்லை.

தமிழ் பேசும் உறுப்பினர்களே, இதை அவையில் முதலில் எழுப்பினால் "நேற்று வந்தவர்கள் நம் கொடியில் கை வைக்கிறார்கள்" என்ற குரல் உங்கள் மேல்தான் பாயும் என்பது எனக்குத் தெரியும். உங்களுக்கு அஞ்சல்கள் வரும், வசை வரும். அதனால் தனியே எழுப்ப வேண்டாம். பிரெஞ்சு ஒன்ராறிய உறுப்பினர் ஒருவரோடும், வடக்கிலிருந்து வரும் உறுப்பினர் ஒருவரோடும், பழைய கொடியை நேசிக்கும் ஒருவரோடும் சேர்ந்து தனிநபர் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். தமிழ் அமைப்புகளுக்கு நான் சொல்வது: வரும் தமிழ் மரபுத் திங்களில் ஒரு மாலையை இதற்கு ஒதுக்குங்கள். பேச்சாளராக ஆறு தேசங்களிலிருந்து ஒருவரையும், முன்னாள் படைவீரர் ஒருவரையும் அழையுங்கள். நாம் கேட்டுக்கொண்டிருப்போம். பிள்ளைகளுக்குத் தாளும் வண்ணமும் கொடுத்து முன்வரிசையில் உட்கார வைப்போம். அவர்கள் வரைவதை ஆணையம் அமையும் நாளில் அனுப்பி வைக்கும் பொறுப்பை எங்கள் தமிழ் வகுப்பு ஏற்கிறது.

இந்த அவையின் நடப்புக் காலம் முடிவதற்குள் அந்தத் தீர்மானம் வாக்கெடுப்புக்கு வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடனும் மதிப்புடனும்,
ஸ்காபரோவில் வாழும் ஒரு தமிழ் ஆசிரியர்